நானாகத்தான் காலி செய்கிறேன்

யாராலும் வெளியே அனுப்ப முடியாத ஒரு ரகத்து மனிதர்கள் உலகத்தில் உண்டு. கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் அவர்கள் தள்ளப்படுவதில்லை. அந்தப் பக்கம் ஒரு சோலி இருந்ததாகச் சொல்லி அவர்களாகவே போகிறார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைக்காமல், இரண்டாவது பந்தியில் நாற்காலியைப் பிடிக்கப் போனால் அதில் வேறொருவர் கைக்குட்டையைப் போட்டிருக்க, கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் எப்பவுமே கடைசிப் பந்திதாங்க, அப்பத்தான் நிதானமாச் சாப்புடலாம்" என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொல்வாரே, அவர்தான். பெண் வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பிய மறுநாள், "ஜாதகத்தைத் திருப்பிப் பார்த்தேன், எனக்கே மனசு ஒப்பலை" என்பவரும் அவர்தான். சங்கத் தேர்தலில் தோற்றால் இளைஞர்களுக்கு வழிவிட்டிருப்பார். பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டால், நடப்பது உடம்புக்கு நல்லது என்பார். சொன்னதோடு நிற்பாரா? நடப்பார். கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்க ஏறும்போதும், எதிரே வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடப்பார்.

இவர்களை 'நானாகத்தான்' ரகம் என்று வைத்துக்கொள்வோம். பந்தியிலும் பஸ்ஸிலும் இவர்களால் யாருக்கும் பெரிய சேதமில்லை, சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இப்படிப்பட்ட ஆசாமி ஒரு வாடகை வீட்டில் குடியிருந்து, அவரை நம்பி ஒரு மனைவியும் ஒரு மகளும் அதே வீட்டில் இருந்து, ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து காலி செய்யச் சொல்லிவிட்டால்? அப்போது சிரிப்பு வராது. பற்றிக்கொண்டுதான் வரும்.

ஏற்காட்டுச் சந்திரசேகரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விடுதிப் பள்ளியின் அலுவலகத்தில் கிளார்க். பஜாருக்கு மேலே ஏறுமேட்டில் சின்ன வீடு. முன்னறை ஜன்னலோரம் மனைவி சிவசக்தியின் தையல் மெஷின். பஜாருக்கு வருகிற பெண்கள் அப்படியே ஏறி வந்து ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பின்னறை மூலையில் மகள் கீர்த்திகாவின் மேசை. அவள் பிளஸ் டூவில் அடியெடுத்து வைக்கிறாள், பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். வாசலில் நின்று சற்று எட்டிப் பார்த்தால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஏரி ஒரு கீற்று தெரியும். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் யாரும் அதை எட்டிப் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் மகன் எட்டிப் பார்த்துவிட்டான்.

வீட்டுக்காரர் வெள்ளையன் மாரமங்கலத்து விவசாயி. காபியும் மிளகும் போட்டிருப்பவர். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு பலாப்பழத்தோடு வந்து உட்கார்ந்தார். வந்தவர் பழத்தைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டார், மறுபடி தோளில் போட்டார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏனுங்க கிளார்க்கு, சொல்றதுக்கே நாக்கு எழும்ப மாட்டீங்குதுங்க. எங்க யுவராஜ் இந்த ஊட்ட ஹோம்ஸ்டே பண்ணோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறானுங்க. ஏரி தெரியுதாமா. ஆடி பொறந்துட்டா யாரும் ஊடு மாத்த மாட்டாங்க, அதுக்குள்ள நீங்க வேற எடம் பாத்துக்கிட்டீங்கன்னா..."

அந்த மனுஷர் மாரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே இன்னொரு வாக்கியத்தையும் தயார் செய்து வைத்திருந்தார். 'புள்ளைக்குப் பரிச்ச இருக்குதுன்னா சொல்லுங்க, பங்குனி வரைக்கும் பையன அமட்டி வெக்கறேன்' என்பது அந்த வாக்கியம். அது நாக்கு நுனியில் வந்து நின்றிருந்தது. சந்திரசேகர் செய்ய வேண்டியதெல்லாம் முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போடுவதுதான். பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒரு முனகல் முனகியிருந்தால் போதும்.

அவர் என்ன செய்தார்? சிரித்தார்!

"அட, இதுக்குத்தான் இவ்வளவு தயங்குனீங்களா? நானே உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தனுங்க. நாங்களே காலி பண்ற யோசனைலதான் இருக்கறம்."

வெள்ளையன் நிமிர்ந்தார். மாரமங்கலத்திலிருந்து சுமந்து வந்த பாரம் இறங்கியதும் அவருக்குப் பசிகூட எடுத்தது. தயாராக வைத்திருந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டு, காபி குடித்து, இன்னொரு காபியும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் படி இறங்கும்வரை பொறுத்திருந்த சிவசக்தி கேட்டாள்: "ஏனுங்க, நாம எப்பங்க அந்த யோசனைல இருந்தோம்?"

"அவரு போன்னு சொல்லி நாம போறதா? நமக்குன்னு ஒரு மரியாத இல்லையா சக்தி?"

"மரியாத இருக்கட்டுங்க. எங்க போறது?"

"நான் பாத்துக்கறேன்."

'நான் பாத்துக்கறேன்.' இந்த ரகத்தின் வாயிலிருந்து இது வந்தால், அந்த வீட்டுப் பெண்கள் உடனே தாங்களே எழுந்து போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது. சிவசக்தி அன்று நம்பிவிட்டாள். அவளுக்குத் தைக்க வேண்டிய சீருடை மலைபோல் கிடந்தது.

மறுநாள் காலையில் மணிகண்டனின் டீக்கடை. வீடு தேடுகிற எவனும் முதலில் என்ன செய்வான்? "ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாருங்க, எங்கியாச்சும் ஊடு இருந்தாச் சொல்லுங்க" என்பான். ஏற்காடு என்ன சென்னைப் பட்டணமா? டீக்கடையில் ஒரு வார்த்தை போட்டால் சாயங்காலத்துக்குள் செம்மநத்தம் வரை போய்ச் சேர்ந்துவிடும். சந்திரசேகரும் ஒரு வார்த்தை போட்டார். அது வேறு வார்த்தை.

"ஊட்டக் காலி பண்றனுங்க. ஓனர் உடமாட்டேங்கறாரு. கெஞ்சறாரு. எனக்குத்தான் புடிக்கல. சொவரெல்லாம் ஓதம். போன மாசம் சமையக்கட்டுல பாம்பு."

அந்தச் சமையற்கட்டில் பாம்பு வந்ததே கிடையாது. ஒரு குரங்கு வந்து தேங்காய் மூடியை எடுத்துக்கொண்டு போனது உண்மை. ஆனால் குரங்குக்குப் பயந்து எவனாவது வீட்டைக் காலி செய்வானா? அதனால் பாம்பு தேவைப்பட்டது.

"அப்ப எங்க போறீங்கண்ணா?" என்றார் மணிகண்டன், டீயை ஆற்றிக்கொண்டே.

"எடம் ஒண்ணு பாத்திருக்கறன்."

"சொந்தமாவா? அடிவாரத்துலயா?"

இல்லை என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். அந்த நொடியில் சந்திரசேகர் டீயை உறிஞ்சினார், நிதானமாக, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. அந்த உறிஞ்சலிலேயே அடிவாரத்தில் மனை வாங்கி, கடைக்கால் தோண்டி, கட்டடம் லிண்டல் மட்டத்துக்கு எழும்பிவிட்டது. ஒரு வாரத்தில் ஊருக்குள் கான்கிரீட்டும் போட்டுவிட்டார்கள். சொந்த வீடு என்று தன் வாயால் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

இனிதான் கூத்து. அவர் வேலை பார்க்கிற பள்ளியின் கேட்டுக்கு எதிரிலேயே ஜாபெஸ் வாத்தியாரின் வீடு. டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிப் போர்ஷன் காலியாக இருந்தது. வெளிச்சமான வீடு. மெஷின் போட ஜன்னல் உண்டு, மேசை போட மூலை உண்டு. கீர்த்திகாவுக்கும் நடக்கிற தூரம்தான். அந்த நல்ல மனுஷர் வழியில் நிறுத்திக் கேட்டார்.

"சந்திரசேகர், எங்க மாடி காலியாத்தான் கெடக்குது. உங்க ஊடு முடியற வரைக்கும் வேணும்னா இருந்துக்கங்க. என்ன, உங்களுக்குக் கொஞ்சம் சின்னதா இருக்கும்."

தண்ணீருக்குத் தவிப்பவன் முன்னால் செம்பை நீட்டுகிறார்கள். இவருக்கு வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்:

"பத்தாதுங்க சார். சாமான் ஜாஸ்தி."

சாமான் ஜாஸ்தியாம். ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு தையல் மெஷின், ஒரு மேசை. ஜாபெஸ் வாத்தியார் அடுத்த வாரமே அந்த மாடியை ஒரு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்.

சந்திரசேகர் வீடு தேடவே இல்லை என்று சொன்னால் அநியாயம். தேடினார். ஒளிந்து ஒளிந்து, திருடப் போகிறவர்போலத் தேடினார். அதுவும் தனக்காக இல்லை, 'ஒரு சினேகிதருக்காக'. செம்மநத்தம் போகிற ரோட்டில் பொன்னாயி என்கிற பெண்மணிக்கு வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகள். முன்பு மிளகு மூட்டை அடுக்கி வைத்திருந்த இடம். காலியாக இருந்தது. இவர் போய் நின்றார்.

"உங்க சினேகிதரு குடிப்பாருங்களா?"

"சேச்சே, தங்கமான மனுசன்."

"ஊட்டுல சத்தம் கித்தம்?"

"மெஷின் சத்தத்தத் தவிர ஒரு சத்தம் இருக்காதுங்க."

"அத்தன தங்கமானவர எதுக்குங்க காலி பண்ணச் சொன்னாங்க?"

எத்தனை நல்ல கேள்வி. ஓனர் மகன் ஹோம்ஸ்டே ஆக்குகிறானாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்தது. அன்று பொன்னாயிக்கு அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, வேறு எதுவும் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் சந்திரசேகருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இல்லாத சினேகிதருக்குக்கூட அந்த அவமானம் வரக்கூடாது!

"காலி பண்ணச் சொல்லலீங்க. அவராத்தான் காலி பண்றாரு."

பொன்னாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்படியுங்களா? இதுக்கு முன்னால இருந்தவனும் அவனா வர்றேன்னுதான் வந்தான். பாதி ராத்திரில அவனாவே போயிட்டான். சொல்லாமக் கொள்ளாம போற ஆளுக்கெல்லாம் நான் ஊடு குடுக்கறதில்லீங்க சாமி."

திரும்பி வரும் வழியில் சந்திரசேகருக்கு அந்தப் பொம்பளையின் புத்தியைப் பற்றி ஏகப்பட்ட வருத்தம்.

ஆனி பாதி கழிந்தது. சிவசக்தி தினமும் கேட்டாள், இவர் தினமும் பார்த்துக்கொண்டார். இதற்கிடையில் ஏரிக்கரை நடைப்பயிற்சி நண்பர்கள் சும்மா இருப்பார்களா? காலையில் ஏரியைச் சுற்றி நடப்பதைவிட, நடந்து முடித்தபின் யாருக்காவது பாராட்டு விழா எடுப்பதில் ஆர்வமுள்ள கூட்டம் அது. சொந்த வீடு கட்டிக்கொண்டு போகிற உறுப்பினரை விடுவார்களா? பஸ் நிலையத்துக்கு எதிரே ஃபிளெக்ஸ் பேனர் எழுந்தது. 'சொந்த இல்லம் காணும் எங்கள் அண்ணன் சந்திரசேகர் அவர்களுக்கு இதயம் கனிந்த பாராட்டு.' நடுவில் அவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு காதில் செல்போன் வைத்திருக்கிற படம். அந்தப் படத்தை அனுப்பியது யார் என்கிறீர்கள்? அவரேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரிக்கரையில் வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒருபுறம் பொங்கலும் வடையும். ஒருவர் எழுந்து, வாடகை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அண்ணன் ஒரு வழிகாட்டி என்றார். இன்னொருவர் பொன்னாடை போர்த்தினார். சந்திரசேகரும் மைக்கைப் பிடித்து, "வாடகை ஊட்டுல இருக்கறது ஒரு வாழ்க்கையாங்க?" என்று கேட்டார். கேட்டவர்களில் பெரும்பாலோர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். ஆமாம் என்பதுபோல் தலையாட்டிவிட்டு வடைக்குப் போனார்கள்.

அந்த நேரத்தில் வெள்ளையன் வந்து சேர்ந்தார். நேரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நொம்ப சந்தோசமுங்க கிளார்க்கு. பஸ்ஸு உட்டு எறங்கறப்பவே பேனரப் பாத்தனுங்க. நான் வேறொண்ணு சொல்லலாம்னுதான் கெளம்பி வந்தேன். எங்க பையனுக்குப் பெங்களூர்ல வேல கெடச்சிருச்சு. ஹோம்ஸ்டேயும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு போயிட்டான். நீங்களே இருந்துக்கங்கன்னு கேக்கலாம்னு வந்தா, நீங்க ஊடே கட்டிப்போட்டீங்களாமா."

பாருங்கள், போன வீடு தானாகத் திரும்பி வந்து எதிரில் நிற்கிறது. ஜன்னலோரத்து மெஷின், மூலை மேசை, கீர்த்திகா நடந்து போகிற பாதை எல்லாம் அந்த விவசாயியின் கையில் வந்து நிற்கின்றன. 'இருந்துக்கறங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் வாங்கிக்கொள்ளலாம். சந்திரசேகர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு பக்கம் மணிகண்டன் நிற்கிறார், மறு பக்கம் ஜாபெஸ் வாத்தியார் நிற்கிறார், கழுத்தில் பொன்னாடை கிடக்கிறது. பொன்னாடை வாங்கிய மனுஷன் பழைய வீட்டிலேயே எப்படி இருப்பது? போர்த்தியவர்கள் என்ன நினைப்பார்கள்?

"பரவால்லீங்க," என்றார். "வேற யாருக்காச்சும் குடுத்துப்போடுங்க."

பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த ஜோஸ்வா பாதி வடையை அப்படியே கீழே வைத்தான். மருந்துக் கடையில் வேலை. புதுமாப்பிள்ளை. மாமியார் வீட்டில் இருந்துகொண்டு வீடு தேடி நாயாய் அலைந்துகொண்டிருந்தான்.

"ஐயா, அப்ப எங்களுக்குக் குடுங்கய்யா!" என்று வெள்ளையனிடம் சொன்னவன், சட்டென்று ஏதோ நினைவு வந்து இந்தப் பக்கம் திரும்பினான். "ஆனா அண்ணா, அந்த ஊட்டுல சொவரெல்லாம் ஓதம், பாம்பு வருதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

வெள்ளையனின் முகம் சுருங்கியது. "எங்க ஊட்டுலயா? பாம்புங்களா?"

இதோ, கடைசிக் கயிறு. ஆமாம் என்று தலையாட்டினால் ஜோஸ்வா தெறித்து ஓடிவிடுவான், வீடு தங்கும். ஆனால் வீட்டுக்காரர் கண்ணுக்கு எதிரே நிற்கிறார். பத்துப் பேர் நடுவில் பொய்க்காரன் ஆவதா?

"சேச்சே! அது நான் மொதல்ல குடியிருந்த ஊட்டச் சொன்னேன். இது தங்கமான ஊடு, ஜோஸ்வா. கண்ண மூடிக்கிட்டு வா."

இப்படித்தான் ஒருவர், தன் குடும்பம் இருந்த வீட்டை, தன் கையாலேயே, சிபாரிசும் செய்து அடுத்தவனிடம் ஒப்படைத்தார். ஜோஸ்வாவுக்கு ஆடிக் கணக்கெல்லாம் கிடையாது. நீங்கள் என்றைக்கு இறங்கினாலும் நான் அன்றைக்கே ஏறிக்கொள்கிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னான்.

சிவசக்திக்கு விஷயம் மறுநாள் ரவிக்கை வாங்க வந்த பெண் மூலமாகத் தெரிந்தது. வெள்ளையனுக்குப் போன் போட்டாள். "வாக்குக் குடுத்துட்டனுங்களே அம்மிணி. கிளார்க்கேதான நல்ல ஊடுன்னு சொல்லிச் சேத்துவுட்டாரு" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. அவள் மெஷினை மூடினாள். கணவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பார்த்துக்கொள்வதாகச் சொல்வார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, விசாரித்து விசாரித்து, செம்மநத்தம் ரோட்டில் பொன்னாயியின் வாசலில் போய் நின்றாள்.

"எங்களக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கக்கா. புள்ள பன்னெண்டாவது படிக்குது. போறதுக்கு எடமில்ல."

"இதுக்கு ஏன் அம்மிணி அழுகற? உள்ள வா" என்றாள் பொன்னாயி. அவ்வளவுதான். அந்தப் பேச்சு ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது குட்டியானை வண்டியில் சாமான் ஏறியது. பாதி வண்டிதான் நிறைந்தது. செம்மநத்தம் ரோட்டில் இறங்கிய சந்திரசேகரைக் கண்டதும் பொன்னாயி முகவாயில் கை வைத்தாள்.

"ஏனுங்க, நீங்களா? அன்னிக்கு ஒரு சினேகிதருக்குக் கேட்டீங்களே, அவரு வரலீங்களா?"

அந்த நிமிஷத்திலாவது மனுஷன் தலையைக் குனிந்திருக்கலாம். மனைவி கட்டில் காலைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள்.

"அவருக்கு வேற எடம் கெடச்சிருச்சுங்க," என்றார் சந்திரசேகர். "நல்ல எடம்."

அந்த அறையில் மிளகு வாசம் இன்னும் போகவில்லை. மெஷின் போட ஜன்னல் இல்லை. பஜார் பெண்கள் ஒரு ரவிக்கைக்காக அவ்வளவு தூரம் வருவதாகவும் இல்லை. சிவசக்தி துணி வாங்க அவளே பஜாருக்குப் போய் வருகிறாள். சந்திரசேகர் டீக்கடையில், கட்டட வேலை மழையால் இழுக்கிறது என்றும், டவுன் இரைச்சல் வேண்டாமென்று தானாகத்தான் இப்படி ஒதுங்கியிருப்பதாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மணிகண்டன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொள்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும்.

அதோடு போயிருந்தால் இவரை இவர் பாட்டுக்கு விட்டுவிடலாம். ஆடியில் ஒரு காலை, கீர்த்திகா பஸ்ஸுக்கு ஓடும்போது சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டாள். சிவசக்தி அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். பஸ் இன்னும் வரவில்லை. கீர்த்திகாவின் வகுப்புத் தோழி ஹரிணி, அந்தப் பக்கத்துப் பெண், கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஏன்டி இவ்வளவு தூரம் வந்துட்டீங்க? உங்கள ஊட்ட விட்டுப் போகச் சொல்லிட்டாங்களாமா?"

கீர்த்திகா சிரித்தாள். அப்பாவின் அதே சிரிப்பு.

"யாரு சொன்னா? எங்களுக்குத்தான் டவுனு புடிக்கல. நாங்களாத்தான் வந்தோம்."

சிவசக்தி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றுவிட்டாள். வீடு போனபோது வராத ஆத்திரம் அப்போது அவளுக்கு வந்தது. வீடு இன்றில்லாவிட்டால் நாளை கிடைக்கும். இதை எப்படிக் காலி செய்வது?

நல்லவேளை, நீங்கள் அந்த ரகம் இல்லை. எனக்குத் தெரியும். யாராவது உங்களைப் போகச் சொன்னால் ஆமாம், போகச் சொன்னார்கள் என்று தெருவில் நின்று சொல்கிற தைரியம் உங்களுக்கு உண்டு. கடைசிப் பந்தியில் உட்கார்ந்த அன்றுகூட, இடம் கிடைக்கவில்லை என்றுதான் வீட்டில் வந்து சொன்னீர்கள். இதைக்கூட, பஸ் வராததாலோ கரண்ட் போனதாலோ வேறு வழியில்லாமல் படிக்கவில்லை, நீங்களாகத்தான் படித்தீர்கள். அப்படித்தானே?